மடுவத்தில் மட்டும் சிக்னல்

எங்கள் வீட்டு டெலிபோனை நான் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்த கதையை என் மனைவி சொல்லி நீங்கள் கேட்டிருந்தால், இதைப் படிக்கத் தேவையில்லை. அவள் சொல்வது இதைவிட நன்றாக இருக்கும். கொட்டகலை பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பலர் அதைக் கேட்டு, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். அந்தக் கதையில் நான் ஒரு முட்டாள். இந்தக் கதையிலும் அப்படித்தான். இங்கே எனக்குக் கொஞ்சம் காரணம் சொல்ல இடம் கிடைக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் கொட்டகலை பஜாரில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் ஆணி, பைப், தகரம் விற்கிறவன். மனைவி மேலே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். எங்களுக்கு ஒரே மகள். அவளுக்குக் கண்டிப் பக்கம் தாதியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தபோது, நான் கடைக்கு வந்த எல்லோரிடமும் சொன்னேன். அரைக் கிலோ ஆணி வாங்க வந்தவர்கூட முழுக் கதையையும் கேட்டுவிட்டுத்தான் போக முடிந்தது.

ஆனால், போன பிள்ளைக்கு அங்கே மனசு ஒட்டவில்லை. பாடம் இங்கிலிஷில், அரட்டை சிங்களத்தில், அழுகை மட்டும் தமிழில் என்று ஆகிவிட்டது அவளுக்கு. போய்ச் சேர்ந்த முதல் கிழமையே திரும்பி வருகிறேன் என்று ஆரம்பித்துவிட்டாள். பயிற்சியைப் பாதியில் விட்டால் மறுபடி அந்த இடம் கிடைக்காது. அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் அழுதாள்.

அவளை அங்கே பிடித்து வைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான். தினமும் பொழுது சாய்ந்து விளக்குப் போட்ட பிறகு, என் மனைவி வீட்டு டெலிபோனை எடுத்து அவளோடு பேசுவாள். ரோட்டோரத் தூணிலிருந்து வயர் இழுத்துப் போட்ட டெலிபோன் அது. டிவிக்குப் பக்கத்தில், பூப்போட்ட துணி விரித்து, சாமி மாதிரி வைத்திருந்தோம். "அந்தப் பேச்சுலதான் அவ அங்க நிக்கிறா" என்பாள் மனைவி. உண்மைதான். ஆனால் அந்தப் பேச்சுக்குப் பில் வந்தது.

விலைவாசி ஏறிய வேகத்தில் டெலிபோன் கட்டணமும் சேர்ந்து ஏறியிருந்தது. பில் வந்தால் நான் முதலில் உட்கார்ந்துகொள்வேன். பிறகுதான் பிரிப்பேன். ஹொஸ்டலுக்கு வேறு கட்ட வேண்டும். எங்கேயாவது மிச்சம் பிடிக்கலாம் என்று வீட்டைச் சுற்றிப் பார்த்ததில், மிச்சம் பிடிக்கிற மாதிரி இருந்த ஒரே பொருள் அந்தப் பேச்சுத்தான்.

முதலில் நல்ல வார்த்தை சொல்லிப் பார்த்தேன்.

"சுருக்கமாப் பேசலாமே. சாப்பிட்டாளா, நல்லா இருக்காளா, அவ்வளவுதானே. கேட்டுட்டு வச்சிரு."

"ஏங்க, இது என்னா ஒங்க கடையில ஆணி நிறுத்துக் குடுக்கிற மாதிரியா? புள்ள அழுகுது. அழுது முடிச்சாத்தானே வைக்க முடியும்?"

"கொஞ்சம் வேகமா அழச் சொல்லு."

அன்று ராத்திரி எனக்குச் சோறு போடப்பட்டது. குழம்பு போடப்படவில்லை.

அடுத்து ரிங் கட். இந்த ஊரில் ரிங் கட் பழகாதவன் யார்? மணி அடிக்க விட்டு, எடுப்பதற்கு முன்னால் வைத்துவிட்டால் செலவே இல்லை. நான் அதை ஒரு திட்டமாகவே போட்டேன். மகள் ஒரு தரம் அடித்து வைத்தால் சுகம், இரண்டு தரம் அடித்து வைத்தால் மனசு சரியில்லை. சரியில்லாத நாளில் மட்டும் நாங்கள் திருப்பி அடித்துப் பேசுவது. மகள் ஒத்துக்கொண்டாள். மனைவிதான் சரிப்பட்டு வரவில்லை. மணி அடித்த மறு நொடியில் அவள் எடுத்துவிடுவாள்.

"எடுக்காதேன்னு சொன்னேனே!"

"தெரியுங்க. ஆனா அடிக்குதே."

அவள் எடுத்துவிட்டதும் செலவு பிள்ளையின் தலையில் விழும். அவளிடம் ரீலோட் போடக் காசு ஏது? அதையும் நான்தான் போட்டேன். ரிங் கட் திட்டத்தில் முதல் மாதமே எனக்கு நஷ்டம்.

அப்போதுதான் பஜாரில் அந்தக் குடையைப் பார்த்தேன். பஸ் நிற்கிற இடத்தில் பெரிய கலர் குடை விரித்து, அதே கலரில் டீ-சேர்ட் போட்ட ஒரு தம்பி சிம் விற்றுக்கொண்டிருந்தான். ஒரே குடும்பம் ஒரே கம்பனி சிம் எடுத்தால், மாதம் ஒரு சின்னத் தொகை கட்டி, அவர்களுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாமாம். எவ்வளவு வேண்டுமானாலும்! என் மனைவியின் பேச்சை அளந்தவனுக்கு அந்த வார்த்தை எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

எனக்கும் கொஞ்சம் புத்தி உண்டு. விசாரிக்காமல் வாங்கவில்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகள் இருக்கிற மலை மடிப்பில் என்னுடைய பழைய மொபைல் வேலை செய்யாது. வீட்டுக்குப் போன பிறகு முதலாளியால் என்னைப் பிடிக்க முடியாது என்பதால், அதை நான் ஒரு குறையாக நினைத்ததில்லை. ஆனாலும் கேட்டேன்.

"தம்பி, எங்க வீட்டுப் பக்கம் சிக்னல் வருமா?"

"வீடு எங்கண்ணே?"

"மேல." கையைத் தூக்கி மலையைக் காட்டினேன்.

"மேலன்னா டவருக்குக் கிட்டத்தானேண்ணே."

எவ்வளவு சரியான பதில். அதுவும், எங்கள் வாசலில் நின்றால் எதிர் மலையில் ஒரு டவர் பளிச்சென்று தெரியும். நாம் அதைப் பார்த்தால் அதுவும் நம்மைப் பார்க்கத்தானே செய்யும்? அங்கேயே நின்று சிம்மைப் போட்டுப் பரீட்சை செய்தேன். கடைத் தெருவில் சிக்னல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. மூன்று சிம் எடுத்தேன். மனைவிக்காக, பட்டன் வைத்த பழைய போன் ஒன்றையும் மலிவாக வாங்கினேன். மகளுடைய சிம்மை, கண்டிக்குப் போகிற தெரிந்த லொறிக்காரரிடம் கொடுத்தனுப்பினேன்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கடை லீவு நாளில் டெலிபோனைக் கழற்றி, பூப்போட்ட துணியிலேயே மூட்டை கட்டி, ஹட்டனுக்குப் போய் லைனை வெட்டச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த சிங்கள நோனா என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "அய் மாத்தயா, லைன் எக்க எபாத?" என்று கேட்டார். ஏன் ஐயா, லைன் வேண்டாமா என்று. எனக்குத் தெரிந்த சிங்களத்தில், அந்தக் காலமெல்லாம் போய்விட்டது, இனி எல்லாம் காற்றில்தான் என்று விளக்கினேன். அவர் ஒரு சிரிப்புச் சிரித்தார். அன்றைக்கு அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

மனைவியிடம் சொல்லாமல்தான் செய்தேன். சந்தோஷ அதிர்ச்சி கொடுக்கலாம் என்று. அதிர்ச்சி மட்டும் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து, வாங்கி வைத்திருந்த போனை அவள் கையில் கொடுத்து, "இனி விடிய விடியப் பேசு" என்றேன். அவள் போனைப் பார்த்தாள். டிவிக்குப் பக்கத்தில் வெறுமையாக இருந்த மேசையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பட்டனை அமுக்கிக் காதில் வைத்தாள்.

"ஒண்ணுமே கேக்கலையே."

வாங்கிப் பார்த்தேன். சிக்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடுகூட இல்லை. வாசலுக்குப் போனேன், கொல்லைக்குப் போனேன், தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறினேன். டவர் எதிரே சிவப்பு விளக்கோடு நின்று என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. கடைசியில் போனை ஒரு நீளக் கம்பின் நுனியில் கட்டி, கொய்யா மரத்தில் சாய்ந்துகொண்டு மேலே உயர்த்தினேன்.

அடுத்த வீட்டு அக்கா, நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எங்களுக்குச் சொந்தம் மாதிரி. என் மனைவியோடு ஒரே மலையில் கொழுந்து எடுப்பவர். அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "என்னா தம்பி, தேன் எடுக்கிறீங்களா?" என்று கேட்டார்.

விஷயத்தைச் சொன்னேன். எந்தக் கம்பனி என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

"அய்யய்யே. அந்தக் கம்பனி மடுவத்துக்கு மட்டுந்தானே வரும். இங்க எந்த லயத்திலயும் வராதே. ஒங்களுக்குத் தெரியாதா?"

"அப்ப அந்தா தெரியுதே டவரு?"

"அது வேற கம்பனி டவரு. அதுவும் கோயில் திருப்பத்துக்குத்தான் வரும். ஒங்க வாசல்ல இருந்து தெரிஞ்சா ஒங்க டவராயிருமா? தொர பங்களாவுந்தான் தெரியுது, போய்ப் படுக்கிறீங்களா?"

தோட்டத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயமாம். ஒரு கம்பனிக்குக் கோயில் திருப்பம், ஒன்றுக்குப் பாலம், ஒன்றுக்கு மடுவம். சாயந்தரத்தில் யார் எங்கே போய் நிற்கிறார்கள் என்று பார்த்தே அவர்கள் என்ன சிம் என்று சொல்லிவிடலாம். காலையில் போய் இரவில் வருகிற எனக்கு மட்டும் தெரியவில்லை. என் மனைவிக்கும் தெரியும். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். ஆனால் கேட்டிருந்தால் அது சந்தோஷ அதிர்ச்சியாக இருக்காதே.

அதற்குள் பொழுது நன்றாக இருட்டிவிட்டது. அங்கே பிள்ளை காத்துக்கொண்டிருப்பாள். மடுவம் என்பது, மலையிலிருந்து பறித்த கொழுந்தைக் கொண்டுவந்து நிறுக்கிற கொட்டகை. எங்கள் லயத்திலிருந்து ஒரு இறக்கம் இறங்க வேண்டும். இருட்டின பிறகு அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. சிறுத்தைப் புலி நடமாட்டம். அக்காவின் நாயை அங்கேதான் புலி தூக்கியது. மனைவி டோர்ச்சை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். நான் ஒரு தகரத்தைத் தட்டிக்கொண்டே பின்னால் போனேன். முன்னால் போக வேண்டியவன் நான்தான். ஆனால் அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்தால், புலிதான் ஒதுங்கிப் போகும் என்று தோன்றியது.

மடுவத்தில் சிக்னல் வந்தது. பிள்ளை வீட்டு நம்பருக்கு அடித்து அடித்துப் பார்த்து, அந்த நம்பரே இல்லை என்று ஒரு குரல் சொல்ல, எங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அழுதுகொண்டிருந்திருக்கிறாள்.

"ஒண்ணும் ஆகலம்மா. ஒங்கப்பா மிச்சம் புடிக்கிறாரு, வேற ஒண்ணுமில்ல" என்றாள் மனைவி.

இரவில் இனி அங்கே போக முடியாது. மறுநாளிலிருந்து பேச்சு சாயந்தரக் கொழுந்து நிறுவை நேரத்துக்கு மாறியது. பிள்ளைக்கு வகுப்பு முடிந்திருக்கும். மனைவியும் கொழுந்தோடு மடுவத்தில்தான் இருப்பாள். கணக்குச் சரியாக வந்தது போலத்தான் இருந்தது. தோட்டத்துப் பெண்கள் அத்தனை பேரும் அதே நேரத்தில் அங்கேதான் இருப்பார்கள் என்பதை மட்டும் நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அடுத்த லீவு நாளில் எனக்கு ஒரு உத்தியோகம் கொடுக்கப்பட்டது. குடை பிடிக்கிற உத்தியோகம். சிக்னல் மடுவத்துக்கு உள்ளே வராது. தராசுக்கு நேர் வெளியே, தகரக் கூரையின் தண்ணீர் விழுகிற விளிம்பில்தான் நிற்கும். அங்கே மனைவி போனோடு நிற்க, நான் குடையோடு நின்றேன். எங்கள் பக்கத்து மழை தெரியுமல்லவா? கூரையில் விழுகிற சத்தத்தில் காதுக்குள் வைத்தாலும் ஒன்றும் கேட்காது. போனை ஸ்பீக்கரில் போட்டு, சத்தம் போட்டுத்தான் பேச வேண்டும். அக்கா, நிறுவை எழுதுகிற கணக்கப்பிள்ளை, கொழுந்துப் பையோடு வரிசையில் நின்ற பெண்கள், எல்லோருக்கும் என் மகள் குரல் தெளிவாகக் கேட்டது.

"அம்மா, என்னால முடியலம்மா. வார்டுல ஒரு அம்மாவுக்குக் கட்டு மாத்தச் சொன்னாங்க. என் கை நடுங்குது. எல்லாரும் பார்த்துக்கிட்டே நிக்கிறாங்க. நான் நாளைக்குக் காலையில பேக்கை எடுத்துக்கிட்டு வந்துர்றேன். இந்தத் தடவ நெசமாத்தான் சொல்றேன்."

அது மற்ற நாட்களில் சொல்வது மாதிரி இல்லை. குரலில் அழுகையே இல்லை. தீர்மானித்துவிட்ட குரல். மனைவியின் முகம் விழுந்துவிட்டது. கணக்கப்பிள்ளை தராசை நிறுத்தினார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பன் ஏதாவது சொல்ல வேண்டிய இடம். தைரியம் கொடுக்கிற ஒரு வார்த்தை, பிள்ளை வாழ்நாள் முழுக்க நினைவில் வைத்திருக்கிற ஒரு வார்த்தை. நான் குனிந்து போனுக்குள் சொன்னேன்:

"பஸ் டிக்கட் கூடிருச்சும்மா."

இதைவிடக் கேவலமாக நான் பேசியதில்லை. மனைவி என்னை அடிக்காததற்குக் காரணம், ஒரு கையில் போன், மறு கையில் கொழுந்துப் பை.

அக்காதான் போனைப் பிடுங்கினார்.

"ஏ புள்ள, வர்றதுன்னா வா. யாரு வேணாங்குறா? ஆனா ஒண்ணு மட்டும் சொல்லு. என் கால்ல அட்டை கடிச்ச எடம் ஆறவே மாட்டேங்குது. மஞ்சள் வச்சேன், சுண்ணாம்பு வச்சேன். புண்ணாவே நிக்குது. ஒனக்கு அதெல்லாம் அங்க சொல்லிக் குடுத்தாங்களா, இல்லியா?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"எவ்வளவு நாளா அத்த?"

"அது கெடக்கு, ரொம்ப நாளா."

"ரொம்ப நாளாவா? யாருகிட்டயும் காட்டலியா? அய்யோ அத்த, சுண்ணாம்பெல்லாம் யாரு வைக்கச் சொன்னா? ஒங்களுக்குச் சீனி வருத்தம் இருக்கான்னு பார்த்தீங்களா?"

"அதெல்லாம் பணக்காரங்களுக்கு வர்றது."

"யாருக்கும் வரும். நாளைக்கே டிஸ்பென்சரிக்குப் போய் ரத்தம் பாக்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் சுத்தத் தண்ணியில கழுவி, ஈரமில்லாம வச்சிருங்க. மஞ்சள் கிஞ்சள் வச்சீங்கன்னு கேள்விப்பட்டேன், அவ்வளவுதான்."

என் மகள்! எங்களிடம் மெழுகு மாதிரி உருகுகிறவள், ஊர்ப் பெரிய மனுஷியை அதட்டுகிறாள். அக்கா தலையாட்டினார். போனில் தலையாட்டினால் தெரியாது என்று யாரோ சொன்ன பிறகு, "சரி சரி" என்றார்.

அடுத்து கணக்கப்பிள்ளை முன்னால் வந்தார். ஒரு கிலோ கொழுந்துக்குப் பெண்கள் சண்டை போட்டாலும் குரலை உயர்த்தாத மனிதர் அவர். இப்போது கூச்சத்தோடு, "தங்கச்சி, பிரஷருக்குக் குடுத்த குளுசை முடிஞ்சிருச்சு. இப்ப நல்லாத்தான் இருக்கு. விட்டுறலாமா?" என்று கேட்டார்.

"விடாதீங்கய்யா. நல்லா இருக்கிறதே அதனாலதான். கிளினிக்குக்குப் போய் வாங்கிக்குங்க."

அவருக்குப் பின்னால் ஒரு பெண், இரண்டு மருந்தை ஒன்றாகக் குடிக்கலாமா என்று ஏதோ ஒரு பெயரைச் சொல்லிக் கேட்டார்.

"அது எனக்குத் தெரியாதுக்கா. இங்க மிஸ்கிட்ட கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன்."

நாளைக்குச் சொல்கிறாளாம். மனைவி என்னைப் பார்த்தாள். நான் மனைவியைப் பார்த்தேன். குடை சரிந்து தண்ணீர் எங்கள் இருவர் தலையிலும் ஊற்றியது. யாரும் பஸ்ஸைப் பற்றிப் பேசவில்லை. கணக்கப்பிள்ளை தராசைத் திரும்பவும் ஓட விட்டார்.

மறுநாள் அவள் வரவில்லை. கேட்டு வைத்த பதிலைச் சொல்ல, சரியாக நிறுவை நேரத்துக்கு அவளே போன் அடித்தாளாம். பிறகு அது தினசரி வழக்கமாகிவிட்டது. அக்காவுக்குச் சீனி வருத்தம் இருந்தது உண்மைதான். மருந்து தொடங்கிய பிறகு புண் ஆற ஆரம்பித்ததும், அவர் அந்தக் காலைத் தோட்டத்தின் பக்கத்து டிவிஷன்வரை கொண்டுபோய்க் காட்டினார். அங்கிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பெரும்பாலான கேள்விகளுக்கு மகளிடம் இருந்த பதில் ஒன்றுதான்: "கிளினிக் போய்க் காட்டுங்க." அதை டொக்டர் சொன்னால் கேட்காத சனம், மடுவத்தில் ஸ்பீக்கரில் கேட்டதும் மறுநாளே போனது. ஒரு நாள் அக்கா அவளிடம், கட்டு மாற்றும்போது கை இன்னும் நடுங்குகிறதா என்று கேட்டார். "கொஞ்சம் நடுங்குது அத்த. ஆனா அவுங்களுக்குத் தெரியாம நடுங்குது" என்றாள்.

நான் தலை நிமிர்ந்து நடந்தேன். என் சிக்கனத்தால்தான் பிள்ளை அங்கே நிலைத்தாள் என்று ஒரு தத்துவம் உருவாக்கி, சாப்பிடுகிற நேரத்தில் மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன்.

"அப்ப அந்த மழைக்கும் ஒரு மாலை வாங்கிப் போடுங்க" என்றாள். பிறகு, சோற்றைப் பிசைந்துகொண்டே, "நா அவகிட்ட பேசி எவ்வளவு நாளாச்சு தெரியுமா?" என்றாள்.

"தெனமுந்தானே பேசுற?"

"நானா பேசுறேன்? மடுவம் பேசுது. என் மொறை வர்றதுக்குள்ள பேட்டரி போயிருது. அவ சரியாத் தூங்குறாளா, மாசத்துல அந்த வயித்துவலி வருதா, யாரு கூட சேர்ந்து சாப்பிடுறா. இதையெல்லாம் கணக்கப்பிள்ளை முன்னால நின்னு கத்திக் கேக்கச் சொல்றீங்களா? புள்ள நிக்கிறா. சந்தோஷந்தான். ஆனா ஊருக்கே நர்ஸம்மாவாப் போயிட்டா. எனக்கு மகளா ஒரு வார்த்த பேச எடமில்ல."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

அடுத்த லீவு நாளில் ஹட்டனுக்குப் போனேன். அதே கவுண்டர், அதே நோனா. என்னைப் பார்த்ததும் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. காற்று என்ன ஆயிற்று என்று கேட்டார். எங்கள் பக்கம் காற்று பலமாக இருக்கிறது, பேச்சைத்தான் கொண்டுவரவில்லை என்றேன். இந்த முறை அவர் சிரித்தது மரியாதை இல்லை என்று எனக்கே புரிந்தது. பழைய லைனைத் திருப்பித் தர முடியாதாம். புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், புதிதாகக் கட்ட வேண்டும். கட்டினேன். நான் மிச்சம் பிடித்ததெல்லாம் அதில் போய், மேலும் கொஞ்சம் என் கையைக் கடித்தது. எவ்வளவு என்று மனைவியிடம் சொன்னபோது குறைத்துத்தான் சொன்னேன். அவள் அதை நம்பவில்லை. நம்பியது போல இருந்தாள்.

வயர் இழுக்க ஆட்கள் வருவதற்குக் காலம் எடுத்தது. அதுவரை மடுவந்தான். வந்து மாட்டிவிட்டுப் போன அன்றைக்குச் சாயந்தரம், மடுவத்து ஆட்களிடம் மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: சனிக்கிழமை மட்டும் உங்களுக்கு, மற்ற நாளெல்லாம் எனக்கு. அக்கா கொஞ்சம் முணுமுணுத்தார். கணக்கப்பிள்ளை நியாயந்தான் என்றார்.

விளக்குப் போட்ட பிறகு அவள் டெலிபோனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "வீட்ல இருந்துதாம்மா. ஆமா, நாந்தான். யாருமில்ல, ஒங்கப்பா மட்டுந்தான். அவரப் போகச் சொல்றேன் இரு." பிறகு என் பக்கம் திரும்பி, "குசினிக்குப் போங்க" என்றாள்.

போனேன். அடுப்படியிலிருந்து வார்த்தைகள் கேட்கவில்லை, குரல் மட்டும்தான் கேட்டது. மெதுவான குரல். இடையில் இவள் சிரித்தாள். அந்தப் பக்கமும் சிரித்திருக்க வேண்டும், இவள் மறுபடி சிரித்தாள். ரொம்ப நேரம் கழித்து குசினி வாசலில் தலையை நீட்டி, "என்னவாம்?" என்று கேட்டேன்.

அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "ஒண்ணுமில்ல. நல்லா இருக்காளாம். சொல்றதுக்கு விஷயமே இல்லங்கிறா" என்றாள். சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து திரும்பவும் பேச ஆரம்பித்தாள்.

விஷயமே இல்லாத அந்தப் பேச்சு முடிகிற மாதிரித் தெரியவில்லை. நான் சோற்றைப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, அவளுடைய பங்கை எடுத்து, ஆறாமல் இருக்க அடுப்போரத்தில் மூடி வைத்தேன்.